பின்கதவு பூட்டியிருக்கவில்லை

மேமி!

என் மகள் நிஸ்லா உங்களை இப்படித்தான் கூப்பிடுவாள். றோஸ்மேரி என்ற பெயர் அவளுடைய நாக்கில் முழுதாக ஏறவில்லை. கடைசித் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நேற்றுக் காலையும் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவளை இன்று கூட்டிவர முடியவில்லை. அதனால் அவளுக்காக நான் ஒருதரம் கூப்பிட்டுவிட்டேன். சபையோர் குறை நினைக்க வேண்டாம்.

ரீச்சரின் இந்த நினைவுக் கூட்டத்தில் மேடையில் இருக்கின்ற பாதர் அவர்களுக்கும், மௌலவி அவர்களுக்கும், எங்கள் தோணி பகல் நிலையத்தின் தலைவர் பெனடிக்ற் ஐயாவுக்கும், ரீச்சரின் கூடப்பிறந்தவர்களுக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கீழே இருக்கின்ற பெற்றாருக்கும் என்னுடைய ஸலாமும் வணக்கமும். நான் எருக்கலம்பிட்டி சித்தி மரியம். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அழகாகப் பேசினார்கள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை எல்லாம் ஊரைவிட்டு வெளியேற்றியபோது நான் மூன்றாம் வகுப்பு. பிறகு புத்தளத்து முகாமில் என்ன படிப்பு? அழகாகப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

றோஸ்மேரி ரீச்சர் பேசாலையில் பிறந்தவர். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் வகுப்பிலும் இருக்க முடியாமல், வெளியிலும் போக முடியாமல், வீட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இருந்த வேலையை விட்டவர். யார் விடுவார்கள்? பென்சன் வருகிற வேலையை யார் விடுவார்கள்! தோணி நிலையத்தில் காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை பதினேழு பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் என்று நாங்கள் சொல்கிறோம், இரண்டு பேருக்குத் தாடி நரைத்துவிட்டது. “பிள்ளையள் எண்டு சொல்லாதேங்கோ, பெரிய ஆக்கள்” என்று ரீச்சர் எத்தனையோ தரம் திருத்தினார். நான் இன்னும் திருந்தவில்லை.

நிஸ்லாவுக்கு அவர் முதலில் பழக்கியது எழுத்தில்லை. “வேண்டாம்” என்ற சொல்லைத்தான் பழக்கினார். ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து, நான் வைத்த மீன் கறியைத் தள்ளி, “வேண்டாம்” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த நாள் போய்ச் சண்டை பிடித்தேன்.

“ரீச்சர், நல்லாய்ச் சாப்பிட்ட பிள்ளையைக் கெடுத்துப் போட்டீங்கள்!”

“ஆறு மாசமாப் பழக்கினனான் மரியம். நீங்கள் ஒரு நாளையில கெடுத்துப் போடாதேங்கோ. ஆரும் அவவைத் தொட வந்தாலும் அந்தச் சொல்லு வரவேணும். முதல் உங்கட கறியில பழகட்டும்.”

அப்படி யோசிக்கிற ஆள்.

ஒரு பெற்றார் கூட்டத்தில் ரீச்சர் ஒரு கடதாசியைத் தூக்கிக் காட்டினார். காப்புறுதி. கட்டடத்துக்கு இல்லை, பிள்ளைகளை ஏற்றுகிற வானுக்கும் இல்லை. நிலையத்தில் பார்க்கிறவர்கள் விடுகிற பிழையால் ஒரு பிள்ளைக்குக் காயம் வந்தால், அந்தக் குடும்பத்துக்கு நட்டஈடு கொடுக்கிற காப்புறுதி. இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு அதை எழுதித்தர மூன்று கொம்பனி மாட்டோம் என்றனவாம். முகவர் றிபாத் தம்பிதான் அலைந்து திரிந்து ஒன்றைப் பிடித்தார். அவரும் அதோ பின்வரிசையில் இருக்கிறார்.

நாங்கள் என்ன செய்தோம்? கைதட்டினோமா? சிரித்தோம்!

“ரீச்சர், மடு மாதா இருக்கேக்க உங்களுக்கு ஏன் இன்சூரன்ஸ்?” என்று செபமாலை அண்ணன் கேட்டார்.

“மாதா பிள்ளையைப் பாப்பா, செபமாலை. நான் விடுற பிழைக்கும் அவவோ பொறுப்பு நிக்கிறது?”

“அப்ப பிழை விடுறதெண்டு முடிவெடுத்திட்டீங்கள்!”

கூரை பறக்கிற சிரிப்பு. ரீச்சரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும், “ஓம், ஒருநாள் விடுவன். மனிசிதானே. அண்டைக்கு நீங்கள் வந்து என்னட்டக் கேக்கவேணும். வெக்கப்படாமல் கேக்கவேணும். அதுக்குத்தான் இது” என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒருவர் காதிலும் ஏறவில்லை. என் காதில் அறவே ஏறவில்லை.

போன மார்கழி. மழை. நிலையத்தின் பின்பக்கத்தில் சக்கர நாற்காலி இறங்குகிற சரிவு இருக்கிறதல்லவா, அதன் கைபிடிக் கம்பி உப்புக்காற்றில் கறள் பிடித்து இற்றுப்போயிருந்தது. கழற்றி வெல்டிங் கடைக்குக் கொடுத்திருந்தார்கள். கம்பி திரும்பி வரும்வரை பின்கதவு பூட்டித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னவர் ரீச்சர். அன்று காலை, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்க்க அந்தக் கதவைத் திறந்தவரும் ரீச்சர். முன்னால் யாரோ கூப்பிட, பூட்டாமல் போய்விட்டார். நிஸ்லா அந்த வழியால் போனாள். வழமையாகக் கை வைக்கிற இடத்தில் கை வைத்தாள். அங்கே கம்பி இல்லை.

இடுப்பெலும்பு முறிந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் ஒன்றும் கேட்க முதலே ரீச்சர் சொன்னார்: “மரியம், கதவைப் பூட்டாமல் விட்டது நான். வேற ஒருத்தரும் இல்லை.” அதையே அன்றைக்கே காப்புறுதிக் கொம்பனிக்கும் எழுதிப் போட்டார்.

இரண்டு கிழமை கழித்துக் கொம்பனியிலிருந்து ஒருவர் விசாரிக்க என் வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன்.

“பின்கதவு திறந்து கிடந்ததோ அம்மா?”

“இல்லை, பூட்டித்தான் கிடந்தது.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“ஓம், கண்டனான்.”

எதைக் கண்டேன்? அந்த நேரம் நான் நண்டுக் கொம்பனியில் நின்று நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப மகள் எப்படி வெளியில போனவ?”

“திறப்பை எடுத்துத் திறந்திருப்பாள். அவள் சரியான குழப்படி. ரீச்சரில ஒரு பிழையும் இல்லை.”

அவர் எழுதி வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். ஒரு திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பத் தெரியாத பிள்ளை. தன்னுடைய பக்கத்தைச் சொல்ல வாயில்லாத பிள்ளை. அவளுடைய தலையில் போட்டேன். போட்டுவிட்டு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ரீச்சரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

றிபாத் தம்பி சொல்லித்தான் ரீச்சருக்குத் தெரியவந்தது. ரீச்சர் எழுதியதையும் ஒதுக்கிவிட்டுக் கொம்பனி கோப்பை மூடிவிட்டது. தாயே பிழையில்லை என்கிறாள், பிறகு எதற்கு நட்டஈடு? ரீச்சர் ஓடிவந்து என் வீட்டு நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

“என்ன வேலை பாத்தனீங்கள், மரியம்!”

“உங்களைக் காட்டிக்குடுக்கச் சொல்றீங்களோ?”

“ஓம், காட்டிக்குடுங்கோ. என்னில பிழையெண்டு நீங்கள் கேட்டாத்தான் அவங்கள் நிஸ்லாவுக்குக் குடுப்பாங்கள். வீட்டை வந்து காலுக்குப் பயிற்சி குடுக்க ஆள் வேணும். அவவுக்கு அளவான நாற்காலி வேணும். நீங்கள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில இருக்கவேணும். இந்த ஒரு வருசத்துக்குள்ள பாத்தா அவ நடப்பா எண்டு டொக்டர் சொன்னவர். கேளுங்கோ!”

நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஒரு லோயரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தனக்கு எதிராக எனக்குக் கடிதம் எழுதித் தருவதற்கு! குற்றம் சாட்டப்படுகிறவரே லோயரைக் கூட்டிக்கொண்டு வந்ததை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? அந்த லோயருக்கே விளங்கவில்லை. “மிஸ், நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். “நிஸ்லாட பக்கம்” என்றார் ரீச்சர்.

அப்போதும் நான் மாட்டேன் என்றேன். சொந்தக்காரர் வந்து, “உன்ர பிள்ளைக்குச் சோறு தீத்தினவவையோ கோட்டுக்கு இழுக்கப் போறாய்?” என்று கேட்டார்கள். நிலையத்தை மூடிவிடுவார்கள், மற்றப் பதினாறு பேரும் வீட்டில் கிடப்பார்கள் என்றும் பயந்தேன். பொய் சொன்னேன் என்று என்னைப் பிடிப்பார்களோ என்றும் பயந்தேன். இவ்வளவையும் சேர்த்துக் கட்டி, அதற்கு நன்றி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ரீச்சர் என்ன செய்தார்? ஆஸ்பத்திரியில் பயிற்சியைப் பார்த்துப் பழகிக்கொண்டு, கிழமைக்கு மூன்று நாள், நிலையம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நிஸ்லாவின் காலைத் தூக்கி, மடக்கி, நீட்டி, எண்ணிக்கொண்டு இருப்பார். நிஸ்லா சின்னப் பிள்ளை இல்லை, பாரமான பிள்ளை. ஐம்பத்தாறு வயதில், வெயிலுக்குள்ளால் வந்து, ஏழு மாதம் அந்தப் பாரத்தைத் தூக்கினார். இருதயத்துக்கு மருந்து குடிக்கிறவர் என்பது செத்தவீட்டில் அவருடைய தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒரு கையெழுத்து வைத்திருந்தால் அந்த வேலையைச் செய்ய வேறொருவர் வந்திருப்பார். நான் வைக்கவில்லை.

பெனடிக்ற் ஐயா, சற்று முன்னர் நீங்கள் பேசும்போது, றோஸ்மேரி ரீச்சரின் கையால் ஒரு பிழையும் நடந்ததில்லை என்று சொன்னீர்கள். மரியாதைக்காகச் சொன்னீர்கள். நானும் மரியாதைக்காகத்தான் சொன்னேன். அந்த மரியாதையால் என் மகள் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

சபையோரே! பின்கதவு பூட்டியிருக்கவில்லை. றோஸ்மேரி ரீச்சரில் பிழை இருந்தது.

கோபிக்க வேண்டாம். தயவுசெய்து இருங்கோ, எழும்ப வேண்டாம். இதைச் சொல் சொல் என்று ஏழு மாதம் என்னைக் கேட்டவர் அவர்தான். பிழையே விடாதவர் என்று சொன்னால் அது ரீச்சர் இல்லை, வேறு யாரோ. பிழை விட்ட அன்றைக்கே, ஒருவரும் கேட்க முதல், “நான்தான்” என்று சொன்னவர் ரீச்சர். அப்படிச் சொல்கிற ஆளை இந்த மன்னாரில் எனக்கு இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

வருகிற திங்கட்கிழமை றிபாத் தம்பியோடு போய், முதல் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுப்பேன். இன்னும் காலம் இருக்கிறது என்று அவர் சொல்கிறார். கொம்பனி ஏற்குமோ தெரியாது என்றும் அவரே சொல்கிறார். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். அடுத்தது, ஐயா, இந்த வருடம் அந்தக் காப்புறுதியை விட்டுவிடலாம் என்று நிர்வாகத்தில் ஒரு கதை இருக்கிறதாகக் கேள்விப்பட்டேன். விடாதீர்கள்! ரீச்சரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அதை விடாதீர்கள். பெற்றாரே, உங்களிடமும் கேட்கிறேன். நாளைக்கு எங்களில் யாருடைய பிள்ளைக்கு என்ன நடந்தாலும், நடந்ததைச் சொல்வோம். பயத்துக்காகவும் மறைக்க வேண்டாம், பாசத்துக்காகவும் மறைக்க வேண்டாம். என்னால் முடிந்தது, காலை ஏழரைக்கு நிலையத்துக்கு வந்து, கதவையும் கம்பியையும் கையால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இனி நான் நண்டுக் கொம்பனிக்குப் போவேன். ரீச்சரின் வேலையில் அந்தத் துண்டை எனக்குத் தாருங்கள்.

முடிக்கிறேன். ஆனால் ஒன்று இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ரீச்சரின் இருதயம் நின்றது ஒரு சனிக்கிழமை. அதற்கு முன் செவ்வாய்க்கிழமை, பகல், ரீச்சரின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. அன்று பயிற்சி நாள் இல்லை. லோயர் எழுதின அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கத்தான் வருகிறார் என்று விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஸரீனாவிடம், நான் இல்லை என்று சொல்லு என்றேன். நிஸ்லாவைக் கட்டிலோடு அணைத்துக்கொண்டு அவளுடைய வாயைப் பொத்தினேன்.

“மரியம் ராத்தா இல்லை ரீச்சர். ரவுணுக்குப் போயிட்டா.”

“நிஸ்லாவையும் கூட்டிக்கொண்டோ?”

“தண்ணி தரட்டோ ரீச்சர்?” என்றாள் ஸரீனா. ரீச்சர் குடிக்கத் தண்ணீர் வாங்கினார். இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். யன்னல் சீலை இடுக்கால் பார்த்தேன். மதிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, என் வீட்டுப் பக்கம் பார்த்தபடி, கனநேரம் நின்றார். பிறகு ஸ்கூட்டியை எடுக்காமல், உருட்டிக்கொண்டு ஒழுங்கை முடியுமட்டும் நடந்து போனார்.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தோம், ரீச்சர். அது தெரிந்துகொண்டுதானா நீங்கள் திரும்பிப் போனீர்கள்?