மூட்டில் பெயிண்ட் நிற்காது

மேடம், கையில் எடுத்திருக்கிறீர்களே, அந்தப் பொம்மையை இடுப்பில் பிடித்துக்கொண்டால் நல்லது. தோளைப் பிடித்துத் திருப்பினால் மூட்டில் இருக்கும் பெயிண்ட் உரிந்துவிடும். சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டிவிட்டீர்கள், சரி. அதற்காகக் கையாளுகிற முறை மாறிவிடாது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எல்லாம் நான் செய்தவைதான். தலை நரைத்த ஆள் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, நன்றி. பிழைப்புக்குப் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் கட்டித் திருப்பி அனுப்புவேன். அங்கே மிஞ்சுகிற அக்ரிலிக் பொடி, தேய்ந்துபோன சுரண்டி, கீறல் விழுந்த பூதக்கண்ணாடி எல்லாம் என் வீட்டுக்கு வந்து பொம்மையில் போய்ச் சேரும். கூடத்தில் எனக்குப் பொம்மைக்காரர் என்று பெயர். எனக்குக் கல்யாணம் ஆகாததற்குப் பொம்மைதான் காரணம் என்று அங்கே பேசிக்கொள்வார்கள். அது பொம்மை மேல் வீண்பழி. மூஞ்சிதான் காரணம்.

நானும் அண்ணனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது விரல் நீளத்தில் பிளாஸ்டிக் வீரர்கள் விற்றார்கள். கழுத்து, தோள், தொடை, இவை மட்டும்தான் அசையும். கண்ணுக்கென்று குழி ஒரு இடத்தில் இருக்கும், கண்ணுக்கு அடித்த கறுப்பு அதற்குப் பக்கத்தில் இருக்கும். அதில் நீலச் சட்டை போட்ட தளபதி ஒருவன் உண்டு. அவன் அண்ணனுடையவன். எனக்கு வந்தவர்கள் எல்லாம் காலொடிந்த சிப்பாய்கள். தளபதியைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். அண்ணன் கெட்டவர் இல்லை மேடம், மூத்தவர், அவ்வளவுதான். ஒரு முறை வீடு மாற்றியபோது தளபதி தொலைந்துபோனான். அண்ணன் அன்று மாலையே அவனை மறந்துவிட்டார். நான் இன்றுவரை அவனைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன்.

முறை எளிது. பழைய உடைசல் பொம்மை ஒன்றை வாங்கி வெந்நீரில் போட்டால் பிளாஸ்டிக் இளகும், தலை கழன்று வரும். வேறு உடம்பில் வேறு தலையைப் பொருத்தி, அக்ரிலிக் வைத்து முகம் செதுக்கி, மெல்லிசாகப் பூச்சு மேல் பூச்சு. பொம்மை புதிதாகவும் இருக்க வேண்டும், அந்தக் காலத்துக் கடையிலிருந்து வந்தது போலவும் இருக்க வேண்டும். என்னைப் போலப் பொம்மை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அங்கே இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் எல்லாம் அதில்தான் இருக்கிறோம். ஒரு விஷயத்தில் மட்டும் சங்கம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பொம்மை என்றால் கை கால் அசைய வேண்டும் என்பது ஒரு கட்சி. அசைத்தால் மூட்டில் பெயிண்ட் நிற்காது, ஒரு நிலையில் நிறுத்திவிட்டு அப்புறம் தொடக்கூடாது என்பது என் கட்சி. என் கட்சியில் நான் ஒருவன்தான்.

அண்ணன் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி தவறிப்போன பிறகு என் வீட்டுக்கு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷருக்கு நல்ல கண். நான் தளபதி ஒன்றை முடித்து அவர் முன்னால் வைப்பேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பார்.

"தளபதியாடா இது? வயித்து வலியில லீவு கேக்க வந்தவன் மாதிரி இருக்கான்."

உண்மைதான். மாதிரிக்கு வேறு முகம் கிடைக்காமல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத்தான் வரைவேன். என் முகத்தில் அந்த வயிற்று வலி நிரந்தரமாகவே இருக்கிறது. நான் சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றி எரியும். அடுத்த பொம்மை முடிந்ததும் முதலில் அவரிடம்தான் ஓடுவேன்.

அவருடைய மகள் வேறு ஊரில் இருக்கிறாள். அப்பா என்னோடு வந்து இருக்கட்டும் என்று விடாமல் கூப்பிட்டு, கடைசியில் அவரும் சரி என்றுவிட்டார். பெட்டியில் துணி அடுக்கும்போது, "இனிமே உன் பொம்மைய பாத்து சிரிக்க வேற ஆள் தேடிக்கடா" என்றார். நான் சிரித்தேன். அந்த வாரமே குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. இதில் என் கை எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பல் செட் கூடத்தில் சொல்லி வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டேன். துடைத்துவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் நான்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மா தன் பிள்ளைகளிடம் என்னைக் காட்டினாளாம். என்னை யாரும் எதற்கும் உதாரணமாகக் காட்டியது அதுதான் முதல் தடவை.

பிசியோதெரபிப் பெண் வந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ, அதில் பொய் எதுவும் இருக்காது.

"தினமும் கைய கால மடக்கி நீட்டி விடணும் சார். பேச்சுக்கும் பயிற்சி குடுக்கணும். முதல் சில மாசந்தான் முக்கியம். இப்ப விடாம செஞ்சா நடப்பாரு, பேசுவாரு. விட்டுட்டா மூட்டு இறுகிப்போயிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்கு நன்றாகப் புரிந்தது. மூட்டு பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் செய்தேன் மேடம். வேளை தவறாமல் செய்தேன். அவர் கையைப் பிடித்து நீட்டும்போது விரல்கள் என் விரல்களை லேசாக அழுத்தும், அது நல்ல அறிகுறி என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரு நாள் பிற்பகல், அவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து நெற்றி, கன்னம், தாடை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அசைவில்லை. கேலியில்லை. இத்தனை வருஷம் நான் கண்ணாடியில் தேடிய தளபதி முகம் என் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. டீயை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தேன். பயிற்சி நேரம் போய்விட்டது. நாளை சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் செய்திருந்தால் உட்காருகிற நிலை மாறியிருக்கும். பாதி முடிந்த முகம் அது. முடியட்டும் என்று விட்டேன். அது முடிந்ததும் அடுத்தது.

பிசியோதெரபிப் பெண்ணிடம் அண்ணன் மகள் வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டாள் என்றேன். அண்ணன் மகளிடம் பிசியோதெரபிப் பெண் ஒழுங்காக வந்துபோகிறாள் என்றேன். இரண்டு பொய்களும் எங்கேயும் சந்தித்துக்கொள்ள வழியில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொன்ன பொய்க்கு அது பரவாயில்லை. அவள் வீடியோவில் கூப்பிடும்போது அண்ணனைத் தயார் செய்துவைப்பேன். தலை சீவி, முதுகுக்குத் தலையணை, மடங்கிப்போன கையைப் போர்வைக்குள் வைத்து, முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி. தூங்கி எழுந்த களைப்பு, அதனால் பேச மாட்டார் என்பேன். "அப்பா நல்லா தெளிஞ்சிருக்காரு சித்தப்பா" என்று அவள் ஒரு தடவை அழுதுவிட்டாள். எனக்கும் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அந்த நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் பாடுபட்டிருந்தேன்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அவர் முகத்தை வைத்துச் செய்த தளபதி ஒருவனை முடித்து, வழக்கம்போல அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். உதடு கோணியது. இடது கை மெல்ல எழுந்து பொம்மையைக் காட்டியது.

"மூ... மூக்கு" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "கோணல்" என்றார்.

பேச்சுப் போன பிறகு அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. பயிற்சி இல்லாமலே வந்துவிட்டன. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும், டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் பூதக்கண்ணாடியை எடுத்து மூக்கைப் பார்த்தேன். கோணல்தான். அண்ணன் பாதி மூளையோடு பார்த்தாலும் கண் அவருடைய கண்தான். மூக்கைச் சுரண்டிச் சரி செய்தேன். அவமானமாக இருந்தது மேடம். பயமாகவும் இருந்தது. இன்று மூக்கு என்றவர் நாளை வயிற்று வலி என்பார், அதற்கடுத்து பெட்டி எங்கே என்று கேட்பார்.

ராத்திரி தூக்கத்துக்கென்று டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அதைக் காலையிலும் கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு மதியமும். தூங்கவைக்க இல்லை. கண் திறந்திருக்க வேண்டும், நாக்கு எழும்பக்கூடாது, அந்த அளவுக்கு. பெயிண்டில் தண்ணீர் கலக்கிற மாதிரிதான், கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். எனக்கு அந்தப் பக்குவம் கைவந்தது.

அவர் கண்ணில் நீர் வடியும். பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முதலில் எனக்கு அது தொந்தரவாக இருந்தது, பளபளப்பில் கண்ணின் நிறம் மாறிவிடும். அப்புறம் ஊசி முனையில் வார்னிஷ் தொட்டு வைத்தால் அதே ஈரம் வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். சங்கத்தில் எல்லோரும் அதை எப்படிச் செய்தேன் என்று கேட்டார்கள்.

அந்தக் கட்டத்தில் தளபதியை விட்டுவிட்டேன். அண்ணனையே செய்தேன். நாற்காலி, ஜன்னல், போர்வை எல்லாம் சின்னதாக. அவ்வப்போது ஒன்று. மேஜையில் நீங்கள் வரிசையாக வைத்திருப்பவை அவைதான். வரிசை தவறியிருக்கிறது. கை விரிந்திருப்பதுதான் முதல் பொம்மை. மணிக்கட்டு உள்ளே மடங்கி, விரல்கள் உள்ளங்கையில் பதிந்திருப்பதுதான் கடைசி. நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் அவர் குணமாகிக்கொண்டு வருவது போலத் தெரிகிறது.

என்னைப் பிடிக்க யாரும் சிரமப்படவில்லை. சங்கம் நடத்திய கண்காட்சியில் நானே கொண்டுபோய் வைத்தேன். முதல் பரிசு கொடுத்தார்கள். கோப்பை பல் செட் வைக்கிற டப்பா அளவு இருந்தது, ஆனாலும் கோப்பை. அந்தப் பிசியோதெரபிப் பெண்ணின் கணவனும் எங்களைப் போன்ற பைத்தியங்களில் ஒருவன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் அவனோடு வந்து, என் மேஜை முன்னால் நின்றுவிட்டாள். வேறு யாரும் அப்படி உற்றுப் பார்க்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது உங்க அண்ணன்தானே சார்?"

ஆமாம் என்றேன். எல்லாம் நேரில் பார்த்துச் செய்தது, கற்பனை ஒரு துளி கிடையாது என்றேன்.

அவள் குனிந்து கடைசிப் பொம்மையின் பாதத்தைப் பார்த்தாள். "இந்தக் குதிகால் புண்ணுமா?"

"அந்த நிறம் வர மூணு பூச்சு ஆச்சும்மா" என்றேன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாராட்ட வார்த்தை கிடைக்காமல் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்து மேஜைக்காரரிடம் அப்படித்தான் சொன்னேன். அன்று மாலையே நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் நடந்திருப்பார். பேசியிருப்பார். மகள் வீட்டுக்குப் போயிருப்பார். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். கை இனி விரியாது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அதுவும் நான் செய்ததுதான். எதையும் மறுக்கவில்லை.

நேற்று அண்ணன் மகளோடு பேச அனுமதித்தீர்கள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. பொம்மைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எல்லாத்துலயும் அப்பா ஒரே பக்கந்தான் பாக்கறாரு சித்தப்பா. அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"வாசக்கதவும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். வருத்தம் இருக்கத்தானே செய்யும். ஆனால் மேடம், அந்தப் பொம்மைகளின் கண்கள் கடுகளவுகூட இருக்காது. சங்கத்தில் ஒருத்தருக்கும் தெரியாதது, பரிசு கொடுத்தவர்களுக்குக்கூடத் தெரியாதது, அந்தப் பார்வை எங்கேயோ போகிறது என்று பொம்மையைப் பற்றி ஒன்றும் தெரியாத பெண்ணுக்குப் புரிந்திருக்கிறது. அப்படியென்றால் நான் என் அண்ணனைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.