ஒரே அண்டாவில் கூழ்

ஓடுகிறோம். தெற்குத் தெரு முனை. முன்னால் ஓடுகிறவள் கையிலிருந்து காலித் தூக்குவாளி விழுந்து உருள்கிறது. யாரும் குனியவில்லை. "குண்டு! படுங்க! படுங்க!" யார் கத்தியது என்று தெரியவில்லை. ஆடி மூன்றாம் வெள்ளி. மணி காலை பத்தேகால்.

புதுச்சேரிக்கு வந்து கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் படம் எடுக்கிறவர்கள் எங்கள் பக்கம் வருவதில்லை. வடக்குத் தெரு, தெற்குத் தெரு. நடுவில் வாய்க்கால். எங்கள் அப்பன்மார் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் மூடியது. பிள்ளைகள் ஆளுக்கொரு கும்பலில் சேர்ந்தார்கள். ஆறு வருஷச் சண்டை. எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை. நாட்டு வெடிகுண்டுச் சத்தம் எங்களுக்கு அத்துப்படி. முதலில் அடிவயிற்றில் 'டம்' என்று விழும். பிறகு காது அடைத்து 'ங்' என்று இழுக்கும். அதற்கப்புறம்தான் அழுகை கேட்கும். இதை யாரும் போர் என்று எழுதுவதில்லை. பேப்பரில் 'முன்விரோதம்' என்று போடுவார்கள். நல்ல வார்த்தை. எத்தனை பிணத்தையும் மூடலாம்.

நான் வடக்குத் தெரு. பெரிய மார்க்கெட்டில் பூ கட்டி விற்கிறேன். பக்கத்து வரிசையில் மீன் ஆய்ந்து கொடுப்பவள் தெற்குத் தெரு செல்வி அக்கா. மார்க்கெட்டில் ஒரு டீயைப் பாதி பாதியாகக் குடிப்போம். ஒரே ஷேர் ஆட்டோவில் திரும்புவோம். வாய்க்கால் வந்ததும் இறங்கி, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடப்போம். வெட்கமாக இருக்கும். ஒருநாள் அவள்தான் சொன்னாள்: "நாமளே இப்டி பயந்து நடந்தா எப்டிடி? இந்த ஆடிக்கு ஒரே அண்டா வைப்போம்."

சண்டைக்கு முன்பு அதுதான் வழக்கம். இரண்டு தெருவிலும் வீடு வீடாகக் கேழ்வரகு மாவு வாங்கி, தெற்குத் தெரு அம்மன் கோயிலில் ஒரே அண்டாவில் கூழ் காய்ச்சுவோம். சண்டை வந்தபின் இரண்டு அண்டா. எதிர்த்தெருக்காரன் மாவில் என்ன கலந்திருப்பானோ என்ற பயம். நாங்கள் இருவரும் மூன்று மாதம் படி ஏறி இறங்கினோம். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். திட்டினார்கள். கடைசியில் மாவு கொடுத்தார்கள். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அழுதேன்.

வெடி வெடிக்க வேண்டாம் என்று எங்கள் தெருவில் சொல்லிவைத்தேன். தெற்குத் தெருவில் சொல்லவில்லை. விருந்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் போய் அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்பதா? சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டால்? செல்வி அக்காவிடம்கூட வாய் திறக்கவில்லை.

அவர்கள் எங்களுக்கு மரியாதை செய்ய நினைத்தார்கள். அம்மன் வாசலுக்கு அடுத்த தெரு ஜனம் வந்தால் அதிர்வேட்டு போட்டு வரவேற்பது அங்கே வழக்கம். நாங்கள் முனை திரும்பினோம். போட்டார்கள்.

டம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடினோம். செல்வி அக்கா கூழ்ச் சொம்போடு கோயில் பக்கமிருந்து எங்கள் பின்னாலேயே ஓடி வருகிறாள். எங்களை நிறுத்த வருகிறாள். "ஓடாதீங்கடி! வெடிதான் அது! நம்ம வெடி!" எனக்குக் கேட்டது. நின்றேன். எனக்குப் பின்னால் வந்த என் தம்பி குமாருக்குக் கேட்கவில்லை. அவன் கையில் துணிப்பை இருந்தது. பூசைத் தேங்காய் என்று நினைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று குண்டு எடுத்து வந்ததாகப் பிறகு போலீசிடம் சொன்னான். சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பையோடு எறிந்தான்.

இரண்டாவது சத்தம். முதல் சத்தத்துக்கும் இதற்கும் நடுவில் பத்து எண்ணலாம். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், பலமுறை.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். உயிர் ஒன்று. செல்வி அக்கா, வயது நாற்பத்தாறு. கண் ஒன்று, அண்டா பக்கத்தில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தவருக்கு. ஜெயிலில் ஒருவன், என் தம்பி. தவளக்குப்பம் பக்கம் வீடு மாறிப் போனவை ஐந்து குடும்பம். ஒரு அண்டா கூழ். யாரும் குடிக்கவில்லை, வாய்க்காலில் ஊற்றினார்கள். அக்காவின் மகள் இப்போது அம்மா இடத்தில் உட்கார்ந்து மீன் ஆய்கிறாள். என் பக்கம் திரும்புவதில்லை. எங்களை நம்பி மாவு கொடுத்தவை இரண்டு தெருவிலும் சேர்த்து அறுபத்திரண்டு வீடு. அதில் ஒரு வீடும் இனி எனக்குக் கதவு திறக்காது. திறக்கச் சொல்ல எனக்கும் வாய் இல்லை.