முழங்கையில் கறுப்பு பாலிஷ்

வெயிலில் பஸ் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. கந்தர்வக்கோட்டையில் ஏறிய புதுப்பெண், பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னாள்:

“புதுசாத் தைச்ச தோல் கோட்டைப் பழசாக்குறதுதான்க்கா எங்க வீட்டுக்காரரு வேலை.”

“அது என்னம்மா வேலை?”

“அந்தக் காலத்துல பட்டாளத்துப் பிளேன் ஓட்டுனவங்க போட்ட மாதிரி கோட்டு. முழங்கையில உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். கறுப்பு போயி, அடியில காப்பிக்கலர் தெரியணும். அப்பத்தான் வெலை கூடவாம். லீவுல வாரப்ப, அவரு தேச்ச ஒண்ணை எனக்குக் காட்டக் கொண்டாந்தாரு. பழசாப் போச்சேன்னு நான் ஷூ பாலிஷ் போட்டு மூடிட்டேன்.”

“அய்யய்யோ! ஏசுனாரா?”

“இல்லக்கா. நேத்து இந்த வெயில்லயும் அதையே போட்டுக்கிட்டு எங்க அம்மா வீட்டு விருந்துக்கு வந்தாரு. ‘கோட்டு புதுசா மாப்பிள்ளை?’ன்னு அப்பா கேட்டாரு. ‘ஆமா மாமா, ஒங்க மகதான் புதுசாக்குனா’ன்னாரு.”