பதினைந்து வினாடி போதும்

வேர்க்கடலையை நான் எப்போதும் தோலோடுதான் வாங்குவேன். உரிக்க நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் வாங்குவது. ஒன்றை உரித்து வாயில் போட்டு, தோலைக் காலடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மைதானத்தில் எதுவும் நடந்திருக்காது. பந்தெறிபவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பான். அடிப்பவன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருப்பான். அது பெரிய நிம்மதி, மேடம். நீங்கள் பேஸ்பால் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டியிருக்கும்.

கோர்டி உரித்த கடலைதான் வாங்குவான். பொட்டலத்தை வாயில் கவிழ்த்துவிட்டு அடுத்தது எங்கே என்று பார்ப்பான்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். கோர்டி ப்ரூயிட் மைதானத்தில் உட்கார்ந்தபடி இறந்துபோனதைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். 'பக்கத்தில் இருந்த மைத்துனர் எமில் ஹூடக், ஆலை விபத்தில் விரல்களை இழந்தவர் என்பதால், மருந்துப் புட்டியை உரிய நேரத்தில் திறக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தது. உங்கள் போலீஸ் ஆட்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்களாம். அதைத் திருத்தவேண்டும். என் வலது கையில் இரண்டு விரல் இல்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கையால் நான் தூண்டில் முள்ளில் நரம்பு கட்டுகிறேன், பீர் புட்டி திறக்கிறேன், சட்டைப் பொத்தான் போடுகிறேன். ஒரு மாத்திரைப் புட்டி எனக்குப் பெரிய விஷயமில்லை.

என் தங்கை டார்லீனின் புருஷன் அவன். எனக்கும் அவனுக்கும் பகை எதுவும் கிடையாது. ஆற்றோரத் தகட்டு ஆலையில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒன்றாக என்றால் நான் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் நிற்பேன், அவன் என் பின்னால் நிற்பான். தகட்டை உள்ளே வை, மிதி, எடு. வை, மிதி, எடு. அவன் கழுத்தில் கயிற்றில் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். ஒரு தகட்டுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து நிர்வாகத்துக்குச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். கெட்ட எண்ணம் பிடித்தவன் இல்லை. பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்வான்: "இன்னும் ரெண்டு செகண்ட் கொறைக்கலாம் மச்சான். நீ தண்ணி குடிக்கறப்ப ரொம்ப யோசிக்கற."

குறைத்தார்கள். விரல்கள் போனது அதற்குப் பிறகு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு கோர்டிதான் முதலில் வந்தான். டார்லீன் சுட்ட ஆப்பிள் பணியாரத்தைக் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "அவசரப்பட்டுட்ட மச்சான்" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

ஆலை மூடியபின் எங்கள் இருவருக்கும் மிச்சம் இருந்தது மைதானம்தான். சின்ன ஊர், சின்ன அணி. ஆட்டக்காரன் ஓடித் தொடும் மூன்றாவது தளத்துக்கு நேர் பின்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, வருஷம் முழுக்க எங்கள் பெயரில். பேஸ்பாலில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: அங்கே கடிகாரம் கிடையாது. மற்ற ஆட்டமெல்லாம் மணி அடித்தால் முடிந்துவிடும். இது முடியும்போதுதான் முடியும். வாழ்நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் டிக் டிக் என்று கேட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று வாட்ச் கட்டுகிறவர்களுக்குப் புரியாது. நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். பரவாயில்லை, பாருங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிறகு கடிகாரம் வந்தது. பின்சுவரில், கதவு உயரத்துக்கு மஞ்சள் எண்கள். பந்து எறிபவன் கைக்கு வந்ததும் பதினைந்திலிருந்து இறங்க ஆரம்பிக்கும். தளத்தில் ஆள் நின்றால் இன்னும் சில வினாடி கூடத் தருவார்கள். பூஜ்யத்துக்குள் எறியாவிட்டால் எறிபவனுக்குத் தண்டம். அடிப்பவன் தயாராகாவிட்டால் அவனுக்குத் தண்டம். முதல் நாள் அதைப் பார்த்து கோர்டி எழுந்து நின்று கைதட்டினான்.

"பாத்தியா மச்சான். இனிமே சவரம் பண்ணிட்டு வந்து எறியற கதையெல்லாம் நடக்காது."

பின்வரிசையில் லுயெல்லா அம்மாள். மாதாகோவில் பாடகர் குழுவில் இருப்பவர், பெரிய மனுஷி. அவரும் அவன் பக்கம்தான். "எனக்கு இது நல்லாத்தான் இருக்குப்பா. முன்னெல்லாம் பேரப்புள்ளைங்கள ஏழாவது இன்னிங்ஸ்லயே தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போவேன். இப்ப கடைசி வரைக்கும் முழிச்சுட்டு இருக்குதுங்க."

பீர் விற்கும் ரஸ்டி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "ஒங்களுக்கு நல்லதுதான். ரெண்டு மணி நேரத்துல ஆட்டத்த முடிச்சுட்டா என் பீர எவன் தலையில ஊத்தறது?"

"எமில் தலையில ஊத்து" என்றான் கோர்டி. "சாவு வீட்ல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்கான். கொஞ்சம் முழிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சர்ச்சில் பாதிரியாருக்கு எதிரே கடிகாரத்தை மாட்டி இத்தனை வினாடிக்குள் பிரசங்கத்தை முடி என்பார்களா என்று கேட்டேன்.

"மாட்டட்டும், நானும் சர்ச்சுக்கு வரேன்" என்றான் கோர்டி.

அவனோடு பேசி ஜெயிக்க முடியாது. அவனிடம் ஒரே பதில் இருந்தது: "பதினஞ்சு செகண்ட் போதும் மச்சான். எதுக்கும் போதும்." பெண்டாட்டிக்கு முத்தம் கொடுக்க, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்ல, ஷூ கயிறு கட்ட, எல்லாவற்றுக்கும் அதையே சொல்வான். போதாது என்று அவன் வாயால் ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. பெரிய ஆசை இல்லை என்பதை நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். கோர்டிக்கு நெஞ்சுவலி வரும். நாக்குக்கு அடியில் வைத்தால் கரையும் குட்டி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவனுக்கு எதிலும் அவசரம். மாத்திரையை ஜாக்கெட்டில் விட்டு, ஜாக்கெட்டைக் காரில் விட்டுவிட்டு வந்துவிடுவான். அதனால் டார்லீன் ஒரு புட்டியை என்னிடம் கொடுத்துவைத்தாள். "அவர நம்ப முடியாதுண்ணா. ஒன்கிட்ட இருந்தா எனக்கு நிம்மதி." அதற்கு முன் இரண்டு தடவை வலி வந்திருக்கிறது. இரண்டு தடவையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உடனே கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். எங்கள் அணிக்கு ஹோல்கம் என்ற இடதுகைக்காரன் எறிந்தான். ஐந்தாவது இன்னிங்ஸ் முடியும்போதே மைதானம் அடங்கிவிட்டது. எதிரணியில் ஒருவனும் அதுவரை ஒழுங்காக ஒரு அடி அடித்துத் தளத்தை எட்டவில்லை. கடைசி வரை அப்படியே போனால் அது ஒரு மனுஷன் ஆயுளில் ஒருமுறை பார்க்கக் கிடைக்கும் ஆட்டம். அப்படி நடக்கும்போது அதை யாரும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் கெட்டுப்போகும். யாரும் இடம் மாறக்கூடாது. கால்மேல் கால் போட்டிருந்தவன் அப்படியே இருப்பான். மூத்திரம் முட்டினாலும் எழுந்திருக்க மாட்டான். சொந்த அணிக்காரர்களே எறிபவனுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் வக்கீலும் இருந்தார், பல் டாக்டரும் இருந்தார். ஒருவரும் அசையவில்லை.

கோர்டி மட்டும் ஏழாவதில் சத்தமாகச் சொன்னான். "என்ன மச்சான், ஒருத்தனும் ஒரு அடி கூட அடிக்கல போலிருக்கே?"

நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. லுயெல்லா அம்மாள் தன் புரோகிராம் தாளைச் சுருட்டி அவன் பின்மண்டையில் ஒன்று போட்டார். "வாய மூடு கோர்டி. இன்னொரு வார்த்த பேசின, நான் பொம்பளன்னு பாக்க மாட்டேன்." அவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

எட்டாவதில் அவன் முகம் ஈய நிறமாக மாறுவதைக் கவனித்தேன். கடலைப் பொட்டலம் கையில் அப்படியே இருந்தது. எனக்கு அந்த நிறம் தெரியும். சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். ஒரு மாத்திரையை என் இடது உள்ளங்கையில் போட்டு வைத்துக்கொண்டேன். இதெல்லாம் அவன் கேட்பதற்கு முன்னால். அதனால்தான் பத்திரிகையில் வந்தது தப்பு என்கிறேன்.

ஒன்பதாவதுதான் கடைசி இன்னிங்ஸ். அதில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன்தான் பாக்கி. அப்போது கோர்டி என் முழங்கையைப் பிடித்தான்.

"எமில். மாத்தர."

"அவசரப்படாத மச்சான்" என்றேன்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவன் பார்த்தான். எடுக்கக் கையைத் தூக்கினான், கை பாதியிலேயே இறங்கிவிட்டது. நான் பின்சுவரைக் காட்டினேன். மஞ்சள் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"பதினஞ்சு செகண்ட் போதுமா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், பக்கத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல். "போதாதுன்னு சொல்லு. ஒரே வார்த்த."

ஹோல்கம் எறிந்தான். அடிப்பவன் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். அந்தக் கட்டத்தில் அப்படித் தட்டினால் அவுட்டும் இல்லை, ஓட்டமும் இல்லை, மறுபடி எறியவேண்டும். கடிகாரம் மறுபடி பதினைந்துக்கு ஏறியது. நான் கோர்டியைப் பார்த்தேன். அவன் கண் என் உள்ளங்கையில் இருந்தது. ஹோல்கம் மறுபடி எறிந்தான், அடிப்பவன் மறுபடி தட்டினான். மறுபடி பதினைந்து. பிடிவாதக்காரன் அந்தப் பையன். எத்தனை தடவை தட்டினான் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் கோர்டிக்கு ஒரு புது வாய்ப்பு கிடைத்தது. அந்த அளவுக்கு நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன்.

நடுவில் ஒருமுறை அவன் முனகினான். பின்னாலிருந்து லுயெல்லா அம்மாள் "ஷ்ஷ்" என்றார். மறுபடி ஏதோ உளறப்போகிறான் என்று நினைத்துவிட்டார். அவர் இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, பாட்டுக்கும் போவதில்லை என்கிறார்கள். அவர் மேல் தப்பு இல்லை என்று யாராவது போய்ச் சொல்லுங்கள். அங்கே யார் மேலும் தப்பு இல்லை. எல்லோரும் மைதானத்தைப் பார்த்தார்கள். பார்க்கவேண்டியது அதுதான்.

கடைசிப் பந்தை அடிப்பவன் தவறவிட்டான். ஆட்டம் முடிந்தது.

அப்படி ஒரு சத்தத்தை இந்த ஊரில் நான் கேட்டதில்லை. தெரியாதவர்கள் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். ரஸ்டி இரண்டு கையிலும் பீரோடு படியில் ஓடிவந்து, "இப்ப என்னய்யா சொல்ற?" என்று கோர்டி தலையில் ஊற்றினான். லுயெல்லா அம்மாள் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், மன்னிச்சுட்டேன் போ என்றார். கையை எடுத்ததும் அவன் முன்பக்கமாகச் சாய்ந்தான்.

நான் மாத்திரையைப் புட்டிக்குள் போட்டு மூடினேன். அது டார்லீனுடையது.

அடக்கத்தன்று அவள் என் வலது கையை எடுத்து, விரல் இல்லாத இடத்தில் முத்தம் கொடுத்தாள். "ஒன் கை மேல தப்பில்லண்ணா" என்றாள். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. கை மேல் தப்பு இல்லை என்பது சரிதான். ஆனால் அவள் வேறு அர்த்தத்தில் சொல்கிறாள். ஒருத்தியைத் தப்பான எண்ணத்தோடு விட்டுவைப்பது நியாயமில்லை. அதனால்தான் வந்தேன். வேண்டுமென்றே கொடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான், அது எனக்குத் தெரியும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். பேனாவை என்னால் பிடிக்க முடியும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கடைசியாக அவன் என் உள்ளங்கையிலிருந்து கண்ணை எடுத்தான். பின்சுவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவன் என்னிடம் அதை ஒத்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தான், மேடம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கடிகாரம் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், சொல்லி முடிக்க அவனுக்கு நேரம் இருந்திருக்கும்.