விஷத்துக்கு முந்தி வந்த மொழிபெயர்ப்பு

கோயில் நாடகக் கமிட்டிக்காரர்களே, ராணியின் சாவைக் கெடுத்தது நீங்கள்தான். மழைப்புகையில் மிதப்பதுபோல் ஊரைச் சுற்றிப் போன வட்ட ரயிலில், ராணியாக நடித்தவளே, பர்மிய வழக்கப்படி 'மா' போட்டுக் கூப்பிடும் தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்ததை நானே கேட்டேன்.

"நான் விஷத்தைத் தொடுறதுக்கு முந்தியே, 'ராணி இப்ப சாவா'ன்னு மைக்குல பர்மாப் பாஷையில சொல்லிட்டாங்க, மா லெச்சுமி. அதான் தெரிஞ்சுபோச்சேன்னு எம் மக எந்திரிச்சுப் போயிட்டா."

"அவளுக்குத் தமிழ் வராதே. சொல்லாட்டி நீ தூங்குறன்னுல்ல நெனச்சிருப்பா!"

"அப்படியா? இப்பப் பாரு."

கண்ணை மூடி, மகளைப் பிரியும் கடைசி வசனத்தைத் தமிழிலேயே மெல்லச் சொன்னாள். எதிரே இருந்த பர்மியக் கீரைக்காரி கண்ணைத் துடைத்தாள். தான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் நழுவிப் போனதைக்கூட அவள் பார்க்கவில்லை.

அந்த மகளுக்கு அந்த அழுகையை ஏன் கொடுக்கவில்லை? கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.