மண்டபத்தில் தாம்பாளம் விழுந்த விவகாரம்

எனது பெயர் ரஞ்சிதா, வயது 34, கணவர் பெயர் எழிலரசன், தகப்பனார் பெயர் மலையாண்டி. கீரமங்கலம் மேற்குத் தெருவில் என் மகள் இலக்கியாவுடன் வசித்து வருகிறேன். மகளுக்கு வயது பத்து. கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் சொந்தமாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். என் கணவரின் அக்கா அமிர்தவல்லி என்மீது கொடுத்த புகார் மனு சம்பந்தமாக இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, சிறப்பு உதவி ஆய்வாளர் ராஜலட்சுமி அவர்கள் கேட்டதன் பேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் என் கணவரோடு மறுபடி சேர்ந்து வாழ ஆசைப்பட்டு அவருடைய கல்யாணத்தைக் கெடுத்ததாக மனுவில் எழுதியிருக்கிறார்கள். அது பொய். எனக்கு அவரிடமிருந்து விவாகரத்து வேண்டும். அவர் நல்லபடியாக இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு என்னை விட்டால் போதும் என்று அவரைக் காட்டிலும் அதிகமாக நினைப்பவள் நான்தான். என் மகள் என்னிடம் இருக்க வேண்டும், அதில் பின்னால் யாரும் வில்லங்கம் பண்ணக் கூடாது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

எங்களுக்குள் ஏன் ஒத்துவரவில்லை என்பது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்று மேடம் சொன்னதால் அதைச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு புரட்டாசி மாதம் நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் ஒரு பெண் வக்கீலிடம் போய்ப் பிரிந்து வாழ்வதற்கான ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். மகள் என்னிடம் இருப்பது, அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பது, என் நகையை நானும் அவருடைய ஜேசிபி வண்டியை அவரும் வைத்துக்கொள்வது, ஒரு வருடம் கழித்து இருவரும் சேர்ந்து கோர்ட்டில் மனுப் போடுவது, கோர்ட்டு தீர்ப்புக் கொடுக்கும்வரை இருவரும் மறுமணம் செய்யக் கூடாது என்பது, இவ்வளவும் அதில் இருக்கிறது. வக்கீலம்மா ஒவ்வொன்றாக வாசித்து விளக்கம் சொன்னார். "இது விவாகரத்து இல்ல. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சண்டையில்லாம நீங்களே பேசித் தீத்துக்கிறது, அம்புட்டுதான்" என்று அவர் சொன்னபோது என் கணவர் வாசலுக்குப் போய் யாரிடமோ டீசல் விஷயமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "எங்க கையெழுத்துப் போடணும்" என்று கேட்டு, எல்லாப் பக்கத்திலும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு என் நாத்தனார், பத்திரம் மட்டும் போதாது, ஊரிலும் அத்துவிட வேண்டும் என்று சொன்னார். எங்கள் பக்கத்தில் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டால் புருஷன் பெண்டாட்டி உறவு அறுந்தது என்று வழக்கம் உண்டு. வக்கீலம்மாவிடம் கேட்டதற்கு, துரும்பை நம்பி இன்னொரு தாலி கட்டினால் பின்னால் கோர்ட்டில் அல்லாட வேண்டிவரும், அவர்கள் மனத்திருப்திக்கு வேண்டுமானால் செய்துவிட்டுப் போங்கள் என்றார். வராவிட்டால் பத்திரத்துக்கும் மரியாதை இருக்காது என்று நாத்தனார் சொன்னதால் நானும் போனேன். என் கணவர் துரும்பைக் கிள்ளிப் போட்டார். பத்திரத்தைக்கூட அவர் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை, துரும்பை நன்றாகப் பார்த்துத்தான் கிள்ளினார்.

அதன் பிறகு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தோம். சென்ற மாதம் என் கடையில் பூ எடுத்து மாலை கட்டும் விக்ரம் என்பவர், கறம்பக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் பிடித்திருப்பதாகவும், சம்பங்கி நிறைய வேண்டும் என்றும் கேட்டார். எடுத்து வைத்தேன். போகும்போது போனில் கல்யாணப் பத்திரிகையில் இருந்த மாப்பிள்ளை படத்தைக் காட்டி, "அக்கா, தப்பா நெனச்சுக்கிறாதீங்க, இது நம்ம அண்ணன் மாதிரியே இருக்கு" என்றார். பார்த்தேன். என் கணவர்தான். மணமகள் பெயர் சரண்யா, கறம்பக்குடியைச் சேர்ந்த ஆத்மநாதன் என்பவரின் மகள் என்று போட்டிருந்தது. புருஷனுடைய கல்யாணத்துக்கு நானே பூ கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

உடனே என் கணவருக்குப் போன் செய்தேன். "என்னங்க இது, இன்னும் கோர்ட்டுக்கே போகலையே" என்று கேட்டேன். "அதான் பத்திரமும் எழுதியாச்சு, துரும்பும் கிள்ளியாச்சு, இன்னும் என்ன ஒனக்கு" என்றார். பத்திரத்திலேயே மறுமணம் கூடாது என்று இருக்கிறது என்று சொன்னேன். அக்காவிடம் பேசிக்கொள் என்று வைத்துவிட்டார். அக்காவிடம் பேசினேன். "வயித்தெரிச்சல்ல பேசாத ரஞ்சிதா" என்றார். வக்கீலம்மாவை விட்டுப் பேசச் சொன்னேன். வக்கீலம்மா பேச ஆரம்பித்ததும் என் கணவர், சிக்னல் இல்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். பெண்ணின் தகப்பனார் ஆத்மநாதன் நம்பரை வாங்கி அவரிடமும் பேசினேன். அவர், "அத்துவிட்ட பொண்ணு எதுக்கும்மா இங்கிட்டு வந்து தலையிடுற" என்று கேட்டார். விவரம் தெரிந்த மனிதர் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் இல்லையா என்று எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

பேசாமல் விட்டிருக்கலாமே என்று மேடம் கேட்டார்கள். விட்டிருந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. அந்தப் பெண் தெருவில் நிற்கும். என் கணவர்மேல் வழக்கு வரும். பிறகு சேர்ந்து மனுப் போடுவது எங்கே நடக்கும். ஒப்பந்தம் நாறிப்போய், என் மகள் விஷயத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்குத்தான் பயந்தேன்.

எனவே கல்யாணத்தன்று காலை நான் தனியாக, பஸ்ஸில் கறம்பக்குடி மண்டபத்துக்குப் போனேன். ஆட்களைக் கூட்டி வந்ததாக மனுவில் எழுதியிருப்பது பொய். மேடைப் பக்கம் போகாமல், பெண்ணின் தகப்பனார் யார் என்று விசாரித்து, ஒப்பந்தத்தின் நகலைக் கையில் கொடுத்தேன். அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, நின்றபடியே முழுவதும் வாசித்தார். மறுமணம் கூடாது என்ற இடத்தைச் சத்தமாக வாசித்து, மேடையில் இருந்த என் கணவரைப் பார்த்து, "மாப்ள, இது ஒங்க கையெழுத்துதானே" என்று கேட்டார். என் கணவர், "கையெழுத்து என்னோடதுதான், ஆனா அதுல அப்புடி இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். அந்தப் பெண் சரண்யா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. மேளம் நின்றது.

நான் வந்த வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று திரும்பினேன். அப்போது என் கணவரின் பெரியப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஆத்தா, கோர்ட்டுக் கணக்குப்படி நீதானே இன்னமும் பொண்டாட்டி. மண்டபம் இருக்கு, மேளம் இருக்கு, சமையலும் ஆயிப்போச்சு. நீங்க ரெண்டு பேருமே மறுபடி மாலைய மாத்திக்கிட்டா என்ன" என்றார். நான்கைந்து பேர் நல்ல யோசனை என்றார்கள். மேளக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என் கணவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நின்றேன். அவர் தன் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தேங்காய், பூ, மாலை வைத்த தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "பெரியப்பா சொல்றதும் சட்டம்தானே, வா" என்றார்.

அந்தத் தாம்பாளத்தை நான் தட்டிவிட்டேன். கை பட்டு விழுந்தது என்று எழுத வேண்டாம் என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். நான்தான் தட்டிவிட்டேன். தேங்காய் உருண்டு நாத்தனார் கால் விரலில் பட்டது உண்மை. அவரைத் தள்ளியதாகவும் தலைமுடியைப் பிடித்ததாகவும் மனுவில் சொல்லியிருப்பது பொய். ஒரு வருடம் பொறுத்து, கோர்ட்டுப்படியில் ஏறி, ஒருத்தருக்கொருத்தர் வசவில்லாமல் பிரிந்துபோகலாம் என்று நான் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டியதை அவர்கள் ஒரு காலைப் பந்திக்கு முன்னால் அவிழ்த்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

அதன் பிறகு நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று காவல் நிலையத்தில் என் கணவரையும் வைத்து விசாரித்தார்கள். அப்போது அவர் மேடத்திடம், "பத்திரம் விவாகரத்து இல்லன்னு அவளே சொல்லிட்டாளே. அப்ப அதுல எழுதுன எதுவும் செல்லாதுல்ல. புள்ளையும் எம் புள்ளதான், நான் கேக்கத்தான் போறேன்" என்று சொன்னார். அந்த யோசனை அவருக்குச் சொந்தமாக வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வரச் சொன்னால் வண்டிக்குக் கிரீஸ் வைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர்.

இன்னொரு கல்யாணம் செய்ய மண்டபம் வரை போனதற்கு அவர்மேல் புகார் கொடுக்கிறாயா என்று மேடம் கேட்டார்கள். இன்றைக்குக் கொடுக்கவில்லை. அவரை உள்ளே வைத்துவிட்டால் புரட்டாசியில் என்னோடு கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள். ஆனால் மகளைக் கேட்டு ஒரு நோட்டீஸ் என் வீட்டு வாசலுக்கு வந்தால், அன்றைக்கே பத்திரிகையையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு இதே நிலையத்துக்கு வருவேன் என்பதை வாக்குமூலத்தில் எழுத வேண்டும் என்று கேட்டேன். இனிமேல் நடக்கப்போவதை வாக்குமூலத்தில் எழுத வழியில்லை என்று மேடம் சொன்னார்கள். அப்படியானால் நான் அப்படிச் சொன்னேன் என்பது நடந்துவிட்டதுதானே, அதை எழுதுங்கள் என்றேன். என் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மேடம் அதை எழுதினார்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் கூட்டியது குறைத்தது எதுவும் இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவும் இல்லை.

(ஒப்பம்) ம. ரஞ்சிதா