நான் கண்டுபிடித்த திங்கட்கிழமை

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து என்னை மிரட்டிக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! நோயாளியின் பெயரை மறந்தாலும் நோயை மறக்காத மருத்துவப் பெருமக்களே! நடுங்கும் கைகளால் குடும்பத்தை நடுங்காமல் தாங்கும் தாய்மார்களே! தப்பிக்க வசதியாகக் கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் என் அத்தான் அவர்களே! அவரைத் தப்பவிடாமல் பக்கத்தில் அமர்ந்திருக்கும் என் அக்கா அவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கைநடுக்க நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தவள் என்று எனக்குக் கேடயம் கொடுத்தீர்கள். அந்தக் கேடயத்தைப் பற்றி ஒரு சங்கடமான செய்தி இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் ஐயா, சுருக்கமாகத்தான்!

என் அக்கா தையல்காரி. முப்பது வயதில் அவளுக்குக் கை ஆடத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. "நீ மூளையத்தானே படிக்கிற? எனக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுடி" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நரம்பியல் ஆய்வகத்தில் என்ன வேலை? முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை எலியின் மூளைக்குள் செலுத்தி, ஒரு செல் என்ன பேசுகிறது என்று கேட்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கேட்டேன். அசையாமல் கேட்டேன், அலுக்காமல் கேட்டேன். அக்காவைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை! எலிகளாவது அடங்கி இருந்தனவா? ஒன்று பேராசிரியரின் கோட்டுப் பைக்குள் குடிபுகுந்தது. கூட்டத்தின் நடுவில் பேனா எடுக்கப் பைக்குள் கைவிட்டார் பாருங்கள்... அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"உனக்கு எலி சரிப்பட்டு வராதும்மா. உங்க அக்கா விஷயம் மரபணுல இருக்கு. கம்ப்யூட்டர் பக்கம் போ, அது கடிக்காது" என்றார்.

போனேன். ஒரு மனிதருக்கு முந்நூறு கோடி மரபணு எழுத்துகள். நோயாளிகள் நானூறு பேர், நலமானவர்கள் நானூறு பேர். எங்கே வேறுபாடு, எந்த எழுத்தில் வேறுபாடு? எட்டு ஆண்டுகள் தேடினேன். ஒருநாள் திரையில் வந்த வரைபடத்தில், இரு கூட்டத்துக்கும் வேறுபட்ட ஓரிடம் மட்டும் கோபுரமாய் உயர்ந்து நின்றது. துள்ளிக் குதித்தேன். நீங்கள் இந்த விழாவுக்கு நாள் குறித்தீர்கள்.

போன வாரம் அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினேன்.

"எங்க ரத்தமெல்லாம் திங்கட்கிழமதானே எடுத்தீங்க? உங்க அத்தானுக்கு மட்டும் வெள்ளிக்கிழம வரச்சொல்லி லெட்டர் வந்துச்சே. அவரு ஊசிக்குப் பயந்துக்கிட்டுப் போகல, அது வேற கதை."

"நல்லா இருக்கிறவங்களுக்கு வெள்ளிக்கிழமக்கா."

"அப்ப ரெண்டையும் ஒரே மிஷின்லயாடி போட்டீங்க? மிஷின் மாறினா தையலே மாறுமே!"

ஓடிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். திங்கள் இரத்தம் முழுவதும் பழைய இயந்திரத்தில். வெள்ளி இரத்தம் முழுவதும் புதியதில். பழையது ஓரிடத்தில் ஓர் எழுத்தை எப்போதும் தப்பாகவே வாசித்திருக்கிறது! நான் கண்டுபிடித்தது நோயையா? இல்லை. மரபணுவையா? இல்லவே இல்லை! எட்டாண்டு உழைத்து, எண்ணூறு பேரைக் குத்தி, நான் கண்டுபிடித்தது திங்கட்கிழமையை!

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரித்தேன், அழுது முடித்த பிறகு. "மன்னிச்சிரு அக்கா" என்றேன். "போடி. தப்பாத் தச்சா பிரிச்சுத் தைக்க மாட்டோமா? ஆனா அந்த மேடையிலயே சொல்லிரு" என்றாள். சொல்லிவிட்டேன். இதோ, கேடயம் தலைவரின் மேசைக்கே திரும்புகிறது.

பிரித்துத் தைக்க வேண்டும் பெரியோர்களே! இந்த முறை நோயாளியும் நலமானவரும் ஒரே நாள், ஒரே இயந்திரம். வெளிக்கூடத்தில் இரத்தம் எடுக்கச் செவிலியர்கள் காத்திருக்கிறார்கள். முதலில் யார்? முன்வரிசையில் யார்? மருத்துவர்களே, கூரையைப் பார்க்காதீர்கள்!

அதோ, கடைசி வரிசையில் அக்காவின் கை எழுகிறது. தனியாக எழவில்லை, அத்தானின் கையையும் பிடித்துத் தூக்குகிறாள்! இரண்டு கைகளும் ஆடுகின்றன. ஒன்று நோயால், மற்றொன்று பயத்தால். எது எதுவென்று இங்கிருந்து எனக்கே தெரியவில்லை. அந்த இரண்டு கைகளுக்கும் என் நன்றி. வாருங்கள் அத்தான், நானே பக்கத்தில் நிற்கிறேன். வணக்கம்!